மூன்றாவது சில்லு

பேத்திக்குப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. விரல் நகங்கள் காகித ஓரம் மாதிரி வளர்ந்து, தன் கன்னத்தைத் தானே கீறிக்கொண்டு கிடந்தாள். வெட்டிவிட மகளுக்குப் பயம். மனைவிக்குக் கண்ணாடி போட்டும் நகம் எது சதை எது என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றி அந்த வேலை சில்லண்ணன் தலையில் வந்து விழுந்தது.

"உங்கப்பா வெட்டட்டும்டி. ஊர்ல யார் கண்ணுக்கும் தெரியாததையெல்லாம் எடுத்து வைக்கிற மனுஷன். இது என்ன பிரமாதம்" என்றாள் மனைவி.

சில்லண்ணனுக்கு உள்ளூர ஒரே பெருமை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்தப் பிஞ்சுக் கையைத் தன் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக்கொண்டு நகவெட்டியை மெல்லக் கொண்டுபோனார். பட்டதுதான் தாமதம், குழந்தை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டது.

"நகவெட்டி குளிருதுப்பா அவளுக்கு. கொஞ்ச நேரம் உள்ளங்கையில வச்சிருந்துட்டு அப்புறம் வெட்டுங்க" என்றாள் மகள்.

நகவெட்டியை உள்ளங்கையில் வைத்து மூடினார். மூடியவர் மூடியபடியே இருந்துவிட்டார்.

நேற்று மத்தியானம் வேலையில் அவர் பிடித்திருந்த ட்வீசர் இடுக்கியும் குளிர்ந்துதான் இருந்தது. மெல்லிசான கையுறையைத் தாண்டி இரண்டு விரலிலும் அந்தக் குளிர்ச்சி ஏறியது. அப்போது மனசு எங்கேயோ இருந்தது, கண்டுகொள்ளவில்லை. இப்போது நகவெட்டி அதைச் சொல்லிக் கொடுத்தது. பிளாஸ்டிக் ட்வீசர் குளிராது. ஸ்டீல்தான் குளிரும்.

நகவெட்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னப்பா, முகமெல்லாம் வேர்க்குது."

"ஒண்ணுமில்லம்மா. நேரமாயிடுச்சு. சாயங்காலம் வந்து வெட்டுறேன்."

"ஏழே முக்கால்தானே ஆகுது" என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு கால் செருப்பு மகளுடையது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சில்லண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, வேலை செய்கிற இடத்தில் ஒட்டிக்கொண்ட பேர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாயு சிலிண்டர் உருட்டிக்கொண்டு போகிற ஆளாகத்தான் வந்தார். அங்கே என்ன நடக்கிறது என்று முதல் ஒரு வருஷம் அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிந்தபோது வீட்டில் வந்து இப்படிச் சொன்னார்: "கண்ணாடி மாதிரி ஒரு தகடு. சிலிக்கான். அதுல அணுவை ஒண்ணொண்ணாக் கிள்ளி எடுத்துக் கோடு போடுறாங்க." மனைவி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது.

ஆனால் அதுதான் உண்மை. பளபளக்கிற அந்த வட்டத் தகட்டைச் சின்னச் சின்னச் சில்லாக வெட்டுவார்கள். விரல் நகம் நீளம், தீக்குச்சி அகலம். அந்தச் சில்லை அதைப் பிடித்துக்கொள்கிற ஹோல்டரில் பூட்டி, காற்று என்கிற பேச்சுக்கே இடமில்லாத ஒரு சேம்பருக்குள் அனுப்புவார்கள். ராத்திரி முழுக்கச் சேம்பரோடு ஒட்டின பக்கத்து அறையில் மெல்லச் சூடு காட்டி, மறுநாள் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு ஒரே ஏற்றாக ஏற்றி இறக்குவார்கள். ஏற்றும்போது சில்லு மஞ்சள் வெளிச்சமாக எரியும். ஆறினதும் மேலே இருக்கிற அணுவெல்லாம், படிய வாரிய தலைமுடி மாதிரி வரிசை வரிசையாக உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் ஹைட்ரஜனை ஒரே ஓர் அடுக்குப் படியவிட்டு, ஊசி முனையால் வேண்டிய இடத்தில் மட்டும் அதைக் கிள்ளி எடுப்பார்கள். நாலு அணு, அஞ்சு அணு அகலத்துக்கு ஒரு கோடு கிடைக்கும். நாளைக்கு அந்தக் கோட்டில் மின்சாரம் ஓடும்.

வாரின தலை கலைந்திருந்தால் கோடு போட முடியாது. அவ்வளவுதான் கதை.

சில்லு வெட்டுவது என்பது வைர முனையால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டு, படிகம் எந்தப் பக்கம் பிளக்க ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கமே அதை விடுவது. படித்தவர்கள் வெட்டினால் பத்துக்கு ஆறு கோணலாகப் போகும். ஒரு நாள் சிலிண்டர் மாற்ற வந்தவர், "நான் ஒண்ணு உடைச்சுப் பாக்கட்டுமா" என்று கேட்டு உடைத்தார். நூல் பிடித்த மாதிரி விட்டது. அன்றிலிருந்து வெட்டுவதும், கழுவுவதும், ஹோல்டரில் பூட்டுவதும் அவர் வேலை. அன்றிலிருந்துதான் சில்லண்ணன்.

சில்லு வெட்டிப் பூட்டுகிற அந்த உள் அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான் பெரிய சட்டம். சில்லை ஸ்டீல் தொடக்கூடாது. ஸ்டீலில் நிக்கல் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவு தேய்ந்து ஒட்டினாலும் போதும், சூடு ஏற்றினதும் அது படிகத்துக்குள் ஓடிவிடும். ஆறும்போது திரும்ப மேலே வந்து வரிசையையெல்லாம் அரித்துப் பள்ளம் பள்ளமாக்கிவிடும். அது அந்தச் சில்லோடு நிற்காது. ஹோல்டரில் ஏறும், சூடு ஏற்றுகிற மேடையில் ஏறும். அப்புறம் அதில் எதை வைத்தாலும் பாழ். அதனால்தான் உள்ளே பிளாஸ்டிக் ட்வீசர். ஸ்டீல் ட்வீசர் எல்லாம் அறைக்கு வெளியே இருக்கிற மேஜையோடு சரி.

நேற்று மூன்று சில்லு பூட்ட வேண்டியிருந்தது. இரண்டைப் பூட்டி முடித்தபோது வெளி மேஜையில் வைத்திருந்த போன் அடித்தது. மகள். "அப்பா, உங்க பேத்தி சிரிக்கிறா, பாருங்க." தூக்கத்தில் வாய் கோணினதுதான், ஆனால் சில்லண்ணன் அதை நாலு தடவை பார்த்தார். கையில் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் ட்வீசரை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தார். சேம்பரில் காற்று எடுக்கிற யந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறதால் பம்ப் என்று பேர் வாங்கின ஆளுடைய ஸ்டீல் ட்வீசரும் அந்த மேஜையில் கிடந்தது. அதுவும் கறுப்புப் பூச்சுப் பூசினதுதான். பார்த்துவிட்டு, முகம் கொள்ளாத சந்தோஷத்தோடு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு ட்வீசரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மூன்றாவது சில்லைப் பூட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ட்வீசர் குளிர்ந்தது.

ஆராய்ச்சிக்கூட வாசலில் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற ஆள் எழுந்து நின்றான்.

"வாங்கண்ணே. தாத்தா ஆனதிலிருந்து நடையே மாறிப்போச்சு. பேத்தி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அந்த ஆளைப் பார்க்க அவருக்கு இன்றைக்குத் தெம்பு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவனும் உள் அறையில்தான் இருந்தான். ஒரு ஹோல்டருக்கு ஸ்டீல் திருகாணி போட்டுவிட்டான். நிக்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அஞ்சு மாசம் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தத் திருகாணியைக் கண்டுபிடித்தது சில்லண்ணன்தான். கண்டுபிடித்ததோடு விடவில்லை. சாப்பாட்டு அறையில் அவன் வரும்போதெல்லாம், "டேய் நிக்கல் வந்துட்டான்டா, தட்டை மூடு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நிக்கல் என்பதே அவன் பேர் ஆகிப்போனது. பிறகு அவனை வாசல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

உள் அறைக்குப் போனதும் ட்வீசர் பெட்டியைத் திறந்தார். ஒன்றுதான் இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது, அந்த ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. கையுறையைக் கழற்றி, அதை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்.

குளிர்ந்தது.

ட்வீசரைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார். மூடிவிட்டு, ஏன் மூடினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்துதான் இருந்தது. பதினொரு மணிக்குச் சூடு ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் சொன்னால் மூன்றாவது சில்லும் அந்த ஒரு ஹோல்டரும் போகும், அவ்வளவுதான். சேம்பரைத் திறக்காமலே பக்கத்து அறைக்கு இழுத்துவிடலாம். ஏற்றின பிறகு என்றால் மேடையே போச்சு. சேம்பரைத் திறக்க வேண்டும். திறந்தால் திரும்பக் காற்றை உறிஞ்சி எடுக்கப் பதினெட்டு நாள்.

சொன்னால் அவர் வாசலுக்கு. சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் பழி பம்ப் மேல் போகும். ட்வீசர் அவனுடையது.

அந்த நினைப்பு வந்ததும் சில்லண்ணனுக்குத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

பம்ப் அப்போதுதான் உள்ளே வந்தான்.

"அண்ணே, என் ட்வீசரைப் பாத்தீங்களா? வெளி மேஜையில ஒண்ணு கிடக்குது, ஆனா அது வளையுது. பிளாஸ்டிக் மாதிரி இருக்கு."

சில்லண்ணன் ட்வீசர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, பேத்தி ராத்திரி தூங்க விடலையா? பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க."

"ஆமா. தூக்கம் இல்ல."

"அனுபவிங்க. எனக்குப் பேரன் பிறந்தா நான் வேலைக்கே வரமாட்டேன்." பம்ப் போய்விட்டான்.

மணி ஒன்பதே முக்கால். டாக்டரம்மா அறைக்குப் போனார். அந்த ஆராய்ச்சிக்கு அவள்தான் தலைவி. சில்லண்ணனைவிடப் பத்து வயசு சின்னவள். சிரிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். அதனாலேயே எல்லோருக்கும் அவளிடம் பயம்.

"வாங்கண்ணா. நானே கூப்பிடணும்னு இருந்தேன்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்தாள். "குழந்தைக்கு. அளவு தெரியல, கொஞ்சம் பெருசாவே வாங்கிட்டேன்."

உள்ளே மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். அவர் குரல் அவருக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

"இந்தத் தடவை ஊசி ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு. ரெண்டு வாரமா அதோடயே குடித்தனம். மூணு சில்லும் ஒழுங்கா வந்துட்டா, இந்த வேலை முடிஞ்சது. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா கொஞ்சம் கடுகடுவென்று இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பார். ஒரு மணி நேரம் நடைபாதையிலேயே சுற்றினார். கடைசியில் கால் தன்பாட்டுக்கு அவரை வாசலுக்குக் கொண்டுபோனது.

வாசல்காரன் ஒரு வண்டிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வண்டி போகிற வரைக்கும் சில்லண்ணன் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி."

தம்பி என்று கேட்டதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். நாலு வருஷமாக அந்த வாயிலிருந்து அவனுக்கு அந்தச் சொல் வந்ததில்லை.

"அந்தத் திருகாணி விஷயம். நீ போட்டது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் சீட்டுக் கட்டை மேஜையில் வைத்தான். "இப்ப எதுக்குண்ணே அது?"

"சொல்லேன்."

"மூணாம் நாளே தெரிஞ்சிடுச்சு. பெட்டியில ஸ்டீல் திருகாணி ஒண்ணு குறைஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல? அஞ்சு மாசம்யா."

"சொல்லத்தான் வந்தேன். சாப்பாட்டு ரூமுக்கு. அன்னைக்கு நீங்க எல்லாருக்கும் கதை சொல்லிட்டிருந்தீங்க. எவனோ ஸ்டீலை உள்ள விட்டிருக்கான், அவன் கிடைச்சா முதல்ல அவன் கையை வெட்டி அடுப்புல வைக்கணும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." சீட்டுக் கட்டை ஓரம் சேர்த்துத் தட்டினான். "அப்புறம் வாய் வரலண்ணே. ஒவ்வொரு நாளா போச்சு. போகப் போகச் சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு."

சில்லண்ணனுக்கு அந்தப் பேச்சு நினைவே இல்லை. எத்தனையோ கதை பேசியிருக்கிறார். அது ஒரு கதை.

"யாராவது ஏதாவது பண்ணிட்டாங்களா?" என்றான் அவன் மெதுவாக.

"நான்தான்."

அவன் சிரிப்பான் என்று சில்லண்ணன் எதிர்பார்த்தார். சிரித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அந்த ஆளுக்கும் பதினொரு மணி கணக்கு மறக்கவில்லை.

"சூடு ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க என்னண்ணே பண்றீங்க?" என்றான்.

திரும்பி நடந்தார். நடை ஓட்டமாக மாறியது. ஐம்பத்து நாலு வயசில் அந்த நீளமான நடைபாதையில் அவர் ஓடினதை யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்க, காலுறையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு சேம்பர் இருக்கிற அறைக் கதவைத் தள்ளியபோது டாக்டரம்மா மின்சாரம் ஏற்றுகிற திருகில் கை வைத்திருந்தாள். பம்ப் சேம்பரின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவதை முதல்ல மேடையில வச்சிருக்கு" என்றான் பம்ப். "கைக்கு அதுதான் முதல்ல வந்துச்சு."

சில்லண்ணன் நேராக டாக்டரம்மாவிடம் போனார்.

"ஏத்தாதீங்கம்மா."

டாக்டரம்மா திரும்பினாள். கையை எடுக்கவில்லை.

"அதை நான் ஸ்டீலால தொட்டுட்டேன். நேத்து. போன் பேசிட்டு வரும்போது பம்ப்போட ட்வீசரை எடுத்துட்டு வந்துட்டேன். முதல் ரெண்டும் சரியாத்தான் இருக்கு. இதுதான். இவன் மேல தப்பு இல்ல."

டாக்டரம்மா திருகிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எப்படித் தெரியும்?"

"கையில குளிர்ந்துச்சு."

"எப்பத் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விதான் வரும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது.

"காலையில. ஏழே முக்காலுக்கு. உங்க ரூமுக்கு வந்தப்பவும் தெரியும். பயமா இருந்துச்சும்மா."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் சில்லண்ணன் வாசல் மேஜை, சீட்டுக் கட்டு, வெயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"மூணாவதை வெளிய எடு" என்றாள் பம்ப்பிடம். "ஹோல்டரோட. அந்த ஹோல்டர் இனிமே வேண்டாம். முதல் சில்லை வை."

நீளமான கம்பியைத் தள்ளி, சில்லைப் பிடித்து, பக்கத்து அறைக்குள் இழுத்து, கதவை அடைக்கக் கால் மணி நேரம் ஆனது. சில்லண்ணன் ஓரமாக நின்றார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அப்புறம் முதல் சில்லு ஜன்னலுக்குள் மஞ்சளாக எரிந்து அணைந்தது. ஆறவிட்டு ஊசிக்குக் கீழே கொண்டுபோனார்கள். திரையில் படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்க ஆரம்பித்தது.

அந்த நேரம்தான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. போன் அடித்தது இரண்டாவதுக்கு அப்புறமா, முதலாவதுக்கு அப்புறமா? இரண்டு பூட்டினேனா, ஒன்றா? காலையில் சத்தியம் செய்யும் அளவுக்குத் தெரிந்தது, இப்போது கலங்கிவிட்டது. மனசுக்குள் எண்ணினார். எண்ணும்போதே எண்ணிக்கை வழுக்கியது. படம் கால்வாசி இறங்கியது. அதில் ஏதோ நிழல் மாதிரி தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுத்தமா இருக்கு" என்றாள் டாக்டரம்மா.

திறந்து பார்த்தார். வரிசை வரிசையாக, படிய வாரிய மாதிரி. அங்கங்கே ஒன்றிரண்டு அணு இல்லாத ஓட்டை. அது எப்போதும் இருப்பதுதான். நிழல் மாதிரி தெரிந்தது ஒரு படிக்கட்டுதான், ஒரே ஓர் அணு உயரம். அதுவும் எப்போதும் இருப்பது.

உயிர் போய் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை, ஏனென்றால் டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இதை ரெஜிஸ்டர்ல எழுதுவேன். உங்க பேரைப் போட்டுத்தான் எழுதுவேன். எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது, எத்தனை மணிக்குச் சொன்னீங்க, ரெண்டையும்."

"எழுதுங்கம்மா."

"மூணாவதுக்கு வேற சில்லு வேணும். ரெண்டாவது முடியறதுக்குள்ள."

"பம்ப் வெட்டட்டும்" என்றார் சில்லண்ணன்.

"நான் வெட்டினா கோணலாப் போகும்ணே. எனக்கே தெரியும்" என்றான் பம்ப்.

"என் கை நடுங்குது" என்று நீட்டிக் காட்டினார். நிஜமாகவே நடுங்கியது. அந்தக் கை நடுங்கி அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா அதைப் பார்த்தாள்.

"நேத்து நடுங்கலையே" என்றாள். "நேத்துதானே தப்பு நடந்துச்சு. நடுங்கட்டும். போய் வெட்டுங்க."

உள் அறைக்குப் போனார். பம்ப்பும் கூடவே வந்து, கையைக் கட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரே நின்றான். தகட்டை எடுத்து வைத்தார். வைர முனையை ஓரத்தில் வைத்தபோது கை ஆடி, கீறல் கோணலாக விழுந்தது. அதை ஒதுக்கினார். இரண்டாவது, பாதி வழியில் திரும்பிப் பிளந்தது. சில்லண்ணன் மூச்சை இழுத்து விட்டார், இன்னொரு தடவை விட்டார். கை நிற்கவில்லை. நிற்காத கையோடேயே மூன்றாவது கீறலைப் போட்டு, இரண்டு பக்கமும் அழுத்தினார்.

மெல்லிய சத்தத்தோடு விட்டது. நூல் பிடித்த மாதிரி.

கழுவினார், உலர்த்தினார். பூட்டுவதற்கு ட்வீசரோடு கையை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எடுக்கவா?" என்று கேட்டார்.

"கையில என்னண்ணே?" என்றான் பம்ப்.

அவர் ட்வீசரின் முனையை மேஜையில் வைத்து அழுத்திக் காட்டினார். வளைந்தது.

"எடுங்க" என்றான்.